மணல் மூட்டை ஏறிப் பார்க்காது

கிட்டே வந்து உட்கார், கண்ணு. அந்த நாற்காலி ஆடுகிறது, இதை இழுத்துப் போட்டுக்கொள். நீ கேட்டதற்கெல்லாம் பதில் வரும். ஆனால் கதையாகத்தான் வரும், எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. சந்தோஷமான கதை. சொல்லும்போது நடுவில் சிரித்துவிட்டால் தப்பாக நினைக்காதே.

நான் முப்பத்தோரு வருஷம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய் கழுவியவள். யாரோ எதையோ கலப்பார்கள், நிறம் மாறும், கைதட்டுவார்கள். கடைசியில் குழாய் மட்டும் என்னிடம் வரும். அக்கா தையல் ஆசிரியை. அவள் வெட்டினால் நூல் பிடித்தாற்போல் இருக்கும். நான் உப்புமா கிண்டினாலும் அடுப்புப் பக்கம் வந்து, "தள்ளுடி சின்னது" என்று கரண்டியை வாங்கிக்கொள்வாள். அறுபத்திரண்டு வயதிலும் நான் சின்னதுதான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீடு, ஒரே கரண்டி.

கற்காலத்து மனிதர்கள் செய்ததைச் செய்து பார்க்கும் பன்னிரண்டு நாள் பயிற்சி என்று விளம்பரம் வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். அக்கா, "நீ தனியாப் போய் கையை வெட்டிக்கிட்டு வருவே" என்று கூடவே கிளம்பினாள்.

காட்டோரத்தில் கூடாரம். சொல்லிக்கொடுத்த மேடத்துக்கு முப்பது வயது இருக்கும், தங்கமான பெண். கல்லைக் கல்லால் தட்டிக் கத்தி எடுக்கச் சொன்னாள். அக்காவுக்கு நாலாவது தட்டிலேயே வெற்றிலை மாதிரி மெல்லிய கத்தி வந்தது. எனக்குக் கட்டைவிரல் வீங்கியது. கம்பைக் கடைந்து நெருப்பு உண்டாக்கச் சொன்னாள். அக்காவின் பஞ்சு பற்றிக்கொண்டது. என்னுடையது புகைந்து, இருமி, அணைந்தது. எல்லாரும் அக்காவைச் சுற்றி நின்றார்கள். நானும் கைதட்டினேன், கண்ணு. பொறாமையெல்லாம் இல்லை.

பிறகு ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் குழியை எடுத்தேன். பெரிய விலங்கைப் பிடிக்கும் பொறிக்குழி. மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகி அடியில் ஒரு சாண். விழுந்தது இறுகிக்கொள்ளும், கால் ஊன்ற இடம் இருக்காது. இரும்பு கூடாது, மான்கொம்பால் மண்ணைக் கெல்லி, மாட்டின் தோள்பட்டை எலும்பால் வாரிப் போட வேண்டும். உதவிக்கு வந்த வங்கிக்காரர் இரண்டாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று நழுவிவிட்டார். எட்டு நாள் தோண்டினேன். என் உயரத்துக்கு மேல் ஒரு முழம். படி வெட்டிய மரக்கட்டையைச் சாய்த்து ஏறி வருவேன். ராத்திரி படுத்தால் உடம்பெல்லாம் கெஞ்சும், மனசு மட்டும் குதித்துக்கொண்டே இருக்கும்.

அக்கா ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். "இதுல எலி விழுந்தாலும் ஏறிப் போயிடும்டி" என்றாள். வங்கிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மேடம் ஒரு மணல் மூட்டையைக் கட்டி உள்ளே தள்ளினாள். விழுந்தது, இறுகியது. "நல்லா வந்திருக்கும்மா. ஆனா இது ஏறி வராதுன்னு எப்படிச் சொல்றது? அதை நம்மால சோதிக்க முடியாது. நாளைக்கு மூடிடலாம்" என்றாள்.

யோசித்துப் பார். மணல் மூட்டை ஏறிப் பார்க்காது. ஏறிப் பார்க்காத ஒன்றை வைத்து என் குழியை எப்படி மதிப்பிடுவது? எட்டு நாள் வேலை, பதில் இல்லாமல் மண்ணுக்குள் போகப்போகிறது. முப்பத்தோரு வருஷத்தில் எனக்கென்று வந்த ஒரே சோதனை.

மறுநாள் காலை எல்லாரும் தோல் ஊறவைக்க ஆற்றுக்குப் போனார்கள்; மதியம்தான் வருவார்கள். அக்காவுக்குத் தோல் நாற்றம் ஆகாது, கூடாரத்திலேயே இருந்தாள். நான் குழியின்மேல் குச்சி பரப்பி, இலை போட்டு, மண் தூவினேன். சுற்றிலும் எச்சரிக்கைக்குச் சிவப்பு நாடா கட்ட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. நாடாவை நான் எடுத்துவிடவில்லை, எழுதிக்கொள். பத்தடி தள்ளி, ஒன்றுமில்லாத தரையைச் சுற்றிக் கட்டினேன். மூடிய குழிக்கு இந்தப் பக்கம் அக்காவின் கல்கத்தியை வைத்துவிட்டு, "அக்கா, உன் கத்தி இங்க கிடக்கு" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். நாடாவைப் பார்த்ததும் ஜாக்கிரதையாகச் சுற்றி வந்தாள். "என்னையும் உன்னை மாதிரி குருடுன்னு நினைச்சியா" என்று சொல்லிக்கொண்டே விழுந்தாள்.

அவ்வளவு அழகாக விழுந்தாள், கண்ணு. இலைகூட அதிகம் சிதறவில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்தது, சின்ன வயதில் ராட்டினம் சுற்றி இறங்கினால் வருமே, அந்த மாதிரி.

"ஏ சின்னது, கையைக் குடுடி."

"ஒரு நிமிஷம்க்கா, நேரத்தை எழுதிக்கிறேன்."

அவளும் சிரித்தாள். பிறகு ஏறப் பார்த்தாள். முழங்கை ஊன்றினாள், மண் உதிர்ந்தது. முழங்கால் மடக்க இடமில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு கோடு போட்டேன். இருபத்தேழு கோடு. அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன்; மேடம்கூடச் சொல்லாத விஷயம். மூச்சை விடும்போதெல்லாம் ஒரு விரல்கடை கீழே இறங்கினாள். திரும்ப இழுக்கும்போது நெஞ்சு விரிய இடமில்லை.

"சரிடி. உன் குழி நல்ல குழிதான். ஒத்துக்கிறேன். தூக்கிவிடுடி தங்கம்."

தங்கம் என்றாள். என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அதையும் நேரம் போட்டு எழுதினேன். கையை நீட்டத்தான் இருந்தேன், நம்பு. ஆனால் சோதனை ஓடும்போது குறுக்கே கை விடக் கூடாது என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். அதோடு, இது பயத்தில் சொன்னதா மனசாரச் சொன்னதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பொறுத்துப் பார்த்தேன். மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் மெதுவாக, யாருக்கும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள். அதுதான் மனசார.

பதினொன்று பத்துக்கு மூச்சு நின்றது. விழுந்தது ஒன்பது இருபதுக்கு. ஆக, ஒரு மணி ஐம்பது நிமிஷம்.

ஆபத்தென்றால் ஊதச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்த விசில் எங்கே இருந்தது என்று கேட்கிறாய். என் கழுத்தில்தான். படி வெட்டிய மரக்கட்டை? கைக்கெட்டும் தூரத்தில், புல்லில் கிடந்தது. ஆமாம், கண்ணு, நாடாவை நகர்த்தியது நான், கூப்பிட்டது நான், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். எதையும் மறைக்கவில்லை, எல்லாம் நோட்டில் இருக்கிறது. மேடம் வந்ததும் முதலில் அவளிடம்தான் நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள். இளகிய மனசு, ஆறிய பிறகு படிப்பாள். அந்த இருபத்தேழு கோடு இனி வருகிறவர்களுக்கு எவ்வளவு உபயோகம்.

எழுதி முடித்தாயா? கொடு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வீட்டுக்குப் போ, உன்னைத் தேடிக்கொண்டிருப்பார்கள். உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் செய்ததை ஒருவர் வாய்நிறைய மெச்சிக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆனாலும் அக்கா மனசு நிறைந்துதான் போனாள்.