டமாரம் நிற்கும் தெரு

டீ நன்றாக இருந்தது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நாற்காலியும் பரவாயில்லை. எங்கள் ஆபீஸ் நாற்காலி முதுகை ஒடித்துவிடும். நாளெல்லாம் உட்கார்ந்து படம் வரைகிறவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

சண்டை விளையாட்டில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது பின்னால் ஒரு தெருவோ துறைமுகமோ தெரியும் இல்லையா, அதை ஸ்டேஜ் என்போம். அதை வரைவது நான். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

ஒரு பழைய ஆட்டத்தை வைத்து ஸ்டேஜ் செய்யச் சொன்னார்கள். கடையில் பெரிய பெட்டி முன்னால் நின்று, காசு போட்டு ஆடிய காலத்து ஆட்டம். நம் ஆள் ரௌடிகளை அடித்துக்கொண்டே வலப்பக்கமாக நடப்பான், தெருவும் கூடவே நகரும். திரும்பி வர வழி கிடையாது. அந்தத் தெருவை எடுத்து, இரண்டு பக்கமும் அடைத்து, ஓரிடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். அதற்குச் சத்தம் சேர்க்க வந்தவன்தான் டமாரம்.

பெயர் வேறு. மேசை, குழாய், தகரம் என்று எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பான், அதனால் எல்லோருக்கும் டமாரம். எனக்கு ஒரு தம்பி இருந்தால் அந்த வயது இருக்கும். ஆபீஸில் என்னை அண்ணா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். மற்றவர்களுக்கு நான் பின்னாடி வரையிறவர். வீட்டில் அம்மா போனபிறகு என்னைக் கூப்பிட யாருமில்லை. போன் அடித்தால் ராங் நம்பராகத்தான் இருக்கும்.

மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு பேரும் அந்தப் பழைய ஆட்டத்தை ஆடுவோம். வேலைக்காகத்தான். அதில் ஒருவன் இடது ஓரத்தில் நின்றுவிட்டால் திரை நகராது. மற்றவன் தலைகீழாக நின்றாலும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். நான் வேண்டுமென்றே நிற்பேன்.

"அண்ணா, வாங்கண்ணா. நீங்க வந்தாத்தானே நான் போக முடியும்."

"போய் என்னத்தக் கிழிக்கப்போற? இங்கயே நில்லு."

விழுந்து விழுந்து சிரிப்பான். அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன் சார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எரிச்சலாக இருக்கும்.

ஸ்டேஜ் முடியப்போகிற சமயம், ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்ணா. வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அவளும் மாசமா இருக்கா, அவங்க அம்மா பக்கத்துல இருந்தா நல்லதுன்னு பாக்குறோம். லீவு விட்டா நீங்க நேரா நம்ம வீட்டுக்கு வந்துடணும்."

"ரொம்ப சந்தோஷம்டா," என்றேன். வீட்டுக்கு வந்துடணும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். என்றைக்கு என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் ஒலிப்பதிவு அறைக் கதவில் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. சரிசெய்யச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார், முடிந்ததும் அவர்தான் திறந்துவிட வேண்டும். இரைச்சல் விழும் என்று ஏசியை அணைத்துவிடுவோம். போனும் உள்ளே போகக்கூடாது. அவனுக்கு நான்தான் உட்காருவேன். வேறு யாரையும் அவன் நம்பமாட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கடைசியாக, ஸ்டேஜில் தெருவோரம் வரும் கடையின் கதவுச் சத்தம் ஒன்று பாக்கி. துருப்பிடித்த பழைய தகரக் கதவு ஒன்றை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்திருந்தான். தட்டத் தட்டத் தூசி பறந்திருக்கும்.

"போதும்ணா, திறங்க."

நான் திறக்கவில்லை. முதலில் சிரித்தான். "என்னண்ணா, திரை நகர மாட்டேங்குதா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்துத் தகரத்தை எடுத்துக் கதவில் தட்டினான். பிறகு கையால் தட்டினான். அவனுக்கு இழுப்பு உண்டு சார். மூச்சு மாறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பம்ப் வேண்டும் என்றான். அது இருந்த பை என் காலடியில்தான் இருந்தது. அவன் போனும் மேசைமேல் அதிர்ந்தது, மனைவிதான். எடுத்தால் என்ன சொல்வது? விட்டுவிட்டேன்.

அவன் வேறு யாரையும் கூப்பிடவில்லை. மனைவியைக்கூட இல்லை. கடைசிவரை அண்ணா அண்ணா என்றுதான். மனிதனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

சத்தம் நின்றபிறகு பதிவை எடுத்துக்கொண்டு, ஹெட்போனைக் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவனைத் தேடி வந்து கதவைத் திறந்தது வாட்ச்மேன். நான் முன்னாலேயே கிளம்பிவிட்டதாக, விசாரிக்க வந்த உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். அவசரப்பட்டுத் தனியாக உள்ளே போய்விட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் உங்களப் பத்தியேதாண்ணா பேசுவார்" என்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, அழுதேன்.

அந்தப் பதிவை நான் வீணாக்கவில்லை. ஸ்டேஜில் பின்னால் ஒரு கடைக்கதவு தடதடக்கிறதே, அது அவன் தட்டியதுதான். கதவுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டுகிறவனும் அவன்தான், அச்சு அசலாக வரைந்திருக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அதைத்தான் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

இப்போது புது மேனேஜர் வந்திருக்கிறார். அடைத்துவைத்த ஸ்டேஜ் பழசாகிவிட்டதாம். ஓங்கி அடித்தால் சுவர் உடைந்து அடுத்த தெருவுக்குப் போக வேண்டுமாம். கடையை எடுத்துவிட்டு, சத்தமெல்லாம் புதிதாகப் போடப்போகிறார்கள். நயமாகச் சொன்னேன், கெஞ்சினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

கதவைத் திறக்காமல் இருந்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். அந்தத் தடதடப்பைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள், அடியில் அவன் குரல் இருக்கும். அது சாட்சி இல்லையா? சாட்சியை யாரும் தொடக்கூடாது என்று இன்றைக்கே கம்பெனிக்கு ஆள் அனுப்பிவிடுங்கள். வழக்கு எத்தனை வருஷம் இழுத்தாலும் எனக்குப் பரவாயில்லை சார். அதுவரைக்கும் அவன் எங்கேயும் போகமாட்டான்.