பின் அச்சின் கசிவு

வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் எல்லோரும் முதலில் இன்ஜினைத்தான் குறை சொல்வார்கள். பாவம், பல நேரம் அது ஒரு தப்பும் செய்திருக்காது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தால் போதும். இன்ஜின் எண்ணெயில் கருகல் வாடை இருக்கும். பின் அச்சின் நடுவே குடம் மாதிரி தொங்குகிறதே டிஃபரென்ஷியல், அதன் எண்ணெய் கூமுட்டை நாற்றம் அடிக்கும். கையில் பட்டுவிட்டால் எந்தச் சோப்புக்கும் அடங்காது. நான் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் தம்பி மகள் சிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெரியப்பா, இன்னிக்கு எத்தனை முட்டை உடைச்சீங்க?" என்று கேட்பாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், சார்.

தம்பியை வளர்த்தது நான். அம்மா அவனைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அப்பாவும் வெகுகாலம் இருக்கவில்லை. தாயும் தகப்பனுமாக என்று சொல்வார்களே, அதை நான் வாயால் சொல்லிக்கொண்டதில்லை, செய்தேன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் பட்டறை திறக்கமாட்டேன். எனக்குப் பெண் பார்த்தபோது, முதலில் அவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்றேன். அவன் ஒரு நிலைக்கு வந்தபோது எனக்குப் பெண் கொடுக்க யாரும் இல்லை. அதில் குறை ஒன்றும் இல்லை. பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு எங்களுடையது. அதில் அவன், அவன் மனைவி, சிட்டு, நான். நாலு பேருக்கு அது தாராளம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர்கள் போகப்போகும் விஷயத்தை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் மனைவிதான் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"மாமா, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கடையில இவருக்கு வேலை கிடைச்சிருக்கு. தங்க வீடும் தர்றாங்களாம். சொந்தமா ஒரு வேன் வச்சிருந்தா நல்லதுன்னாங்க."

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நல்லது" என்றேன்.

"நீங்களும் அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போகலாம், மாமா."

அப்பப்ப. அந்த வார்த்தையை நான் மென்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது பலகைத் தடுப்பு. ஒரு நாள் மதியம் அவள் அவனிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "உங்க அண்ணன் தங்கமானவருதான். யாரு இல்லைன்னா? ஆனா அவரு அந்தப் பக்கம் இருமினா நான் இந்தப் பக்கம் பேச்சை நிறுத்திடறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் இந்த வீட்டுல வாய்விட்டுச் சிரிச்சதில்லைங்க." அவன் என்ன பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றான். நான் அன்றிலிருந்து இருமலை அடக்கப் பழகிக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

அவன் வாங்கி வந்தது யாரோ ஓட்டித் தேய்த்த பழைய வேன். வாசலில் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அடியில் எண்ணெய் வட்டம் கட்டியது. "அண்ணா, மலை ஏறி இறங்கணும். ஒரு பார்வை பார்த்துடு" என்றான். "நீ கை வச்சா நான் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

அது தவறுதலாக நடந்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் இரக்கப்பட்டுக் கேட்டார். வேண்டாம், சார். எண்ணெய் கசியாமல் பிடித்துவைக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதே, சீல், அதன் அளவு மாறிப்போனது என்று சொல்லிவிடலாம்தான். அந்த வேனில் அப்படி மாறிப்போக வாய்ப்பும் இருந்தது. அதில் இருந்தது அந்த வண்டியோடு பிறந்த டிஃபரென்ஷியலே இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அடையாளத் தகட்டைத் துரு தின்றுவிட்டது. அவசரக்காரன் வேனின் பெயரைச் சொல்லிக் கடையில் சீல் வாங்கி வந்திருப்பான். நான் மூடியின் வடிவத்தைப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஒரு சுற்றுக்கு, இன்ஜின் பக்கமிருந்து வரும் நடுத்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று சாக்கட்டிக் கோடு போட்டுப் பார்த்தேன். பிறகு மூடியைத் திறந்து பல்சக்கரத்தின் பல்லை எண்ணினேன். அது எந்த வண்டியுடையது என்று தெரிந்த பிறகுதான் கடைக்குப் போனேன். சரியான சீல்களை வாங்கினேன். அந்த வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

நடுத்தண்டு வந்து சேரும் இடத்தில் ஒரு சீல், இரண்டு பின்சக்கரங்களின் பக்கமும் ஒவ்வொன்று. நடுவில் இருந்ததைச் சுத்தமாக மாற்றினேன். தம்பி குனிந்து பார்த்தால் கண்ணில் படுவது அதுதான். வாசலில் சொட்டிக்கொண்டிருந்ததும் அதுதான். சக்கரத்துப் பக்கம் பழைய சீல்களையே, அவற்றின் உள்விளிம்பைக் கொஞ்சம் கத்தியால் கீறி, திரும்பப் போட்டேன். அச்சின் மேல் மூச்சுவிட ஒரு சிறு துளை இருக்கும். அதை அடைத்தேன். சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாமல் எண்ணெயைச் சக்கரத்துப் பக்கம் தள்ளும். அங்கேதான் பிரேக் இருக்கிறது, எண்ணெய் பட்டால் அது பிடிக்காது. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு நீண்ட ஏற்றம் ஏறினால்தான் அந்தச் சூடு வரும். வாங்கிய புது சீல்கள் இரண்டும் பிரிக்காத காகிதத்தோடு என் இழுப்பறையில் இருந்தன. நீங்களே எடுத்தீர்கள்.

என் எண்ணம் இவ்வளவுதான்: வண்டி வழியில் தொல்லை கொடுக்க வேண்டும். அவன் சலித்துப்போய்த் திரும்பி வர வேண்டும். "இந்த வண்டியும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம், அண்ணா" என்று சொல்ல வேண்டும். நான் இதற்குமேல் ஆசைப்படவில்லை.

கிளம்பிய காலை எல்லாச் சாமானையும் ஏற்றினோம். கட்டில், பீரோ, தையல் மெஷின், சிட்டுவின் மரக்குதிரை. பீரோவை நான்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். முதலில் அவன் மட்டும் சாமானோடு போவது, மறுநாள் அவன் மனைவியும் சிட்டுவும் ரயிலில் போவது என்று பேச்சு. ஆனால் சிட்டு அப்பாவின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நானும் லாரி டிரைவர்" என்றாள். அவன் சிரித்தான். "வரட்டும் அண்ணா, துணைக்கு ஆள் ஆச்சு" என்றான்.

நான் அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து அவளைத் தூக்கி இறக்கினேன். நெஞ்சில் குத்தினாள், கையைக் கடித்தாள். விடவில்லை. "மலைப்பாதை, குழந்தைக்கு வாந்தி வரும்" என்றேன். தம்பி இறங்கி வந்து அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்தான். பிறகு, சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது செய்வதைப் போல, என் தோளில் நெற்றியை ஒருமுறை முட்டிவிட்டு ஏறினான். "போனதும் போன் பண்றேன்" என்றான்.

பத்திரமாகப் போ என்று சொன்னேன். அதை நான் மனதாரத்தான் சொன்னேன்.

மலைக்கு அந்தப் பக்க இறக்கத்தில், வளைவுக்கு வளைவு ஹாரனை அடித்துக்கொண்டே ஒரு வேன் வந்ததாக அங்கே சாலையோரப் பழக்கடைக்காரர் ஒருவர் சொன்னாராம். முன்னால் போனவர்களை விலகச் சொல்லித்தான் அடித்திருப்பான். யாரையும் இடிக்கவில்லை. அவன் சுபாவம் அது. வண்டி தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்ததில் வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அவனை அடையாளம் காட்ட நான்தான் போனேன். முகம் நன்றாகவே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அழுதேன், சார். நடிக்கவில்லை. அவன் சட்டைப் பையில் சிட்டுவின் ரிப்பன் ஒன்று இருந்தது. அதை அவனோடேயே விட்டுவிட்டேன்.

பிறகு வீடு பழையபடி ஆனது. அவன் மட்டும் இல்லை. தம்பி மனைவிக்குப் போக்கிடம் இல்லை. அவள் சமைத்தாள், நான் சிட்டுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வந்தேன். கடையிலிருந்து அவர்களுக்கு வேண்டியதை எல்லாம் கேட்காமலே வாங்கி வந்து வைத்தேன். ஒரு சாயங்காலம் சிட்டு பாடம் எழுதிக்கொண்டே தன் பாட்டுக்குச் சொன்னாள்: "நான் அப்பாகூடப் போயிருந்தா அப்பா மெதுவா ஓட்டியிருப்பாரு. பெரியப்பாதான் என்னை இறக்கிட்டாரு."

அவள் அம்மா அடுப்பை அணைத்தாள். என் எதிரே வந்து நின்றாள்.

"பாப்பாவுக்கு என்னிக்கு மாமா வண்டியில வாந்தி வந்திருக்கு?"

நான் சிட்டுவின் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினேன்.

"ஏன் மாமா அவளை இறக்கினீங்க?"

குரலை உயர்த்தக்கூட இல்லை. எனக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் நிலையில் யாராக இருந்தாலும் வந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அவனைத் திரும்பி வரவைப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு பக்கத்துச் சீல் போதாதா, எதற்கு இரண்டு பக்கமும் என்று. நீங்கள் வண்டி ஓட்டுகிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சக்கரத்தின் பிரேக்கில் மட்டும் எண்ணெய் பட்டால், மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். என் தம்பி கெட்டிக்காரன், சார். முதல் வளைவிலேயே கண்டுபிடித்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான்.