நின்றுபோன பேச்சைத் தேடிப் போன டாக்டரம்மா

இந்த இரங்கல் கூட்டத்துக்கு அக்கிராசனம் வகிக்கும் டாக்டர் சாமிநாதன் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, ஆம்பூரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் சலாமும்.

என் பெயர் ஆபித் பாஷா. டாக்டர் அமிர்தவள்ளி அம்மையாரிடம் பதினேழு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். போன வெள்ளிக்கிழமை அவருடைய இருதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. காலையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பேச வேண்டாமென்றுதான் இருந்தேன். பேச்சைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

அந்த ஆராய்ச்சி எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். நான் கூடவே இருந்தேன், ஒன்றுக்கும் உதவாதவனாக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம். தோல் வியாபாரி ரஷீத் அஹமது சாயபு வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் மனைவி முனவ்வர் பேகத்துக்குப் பாரிசவாயு கண்டு பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வலது கை அசையவில்லை. வாயிலிருந்து ஏதோ சத்தம் மட்டும் வந்தது. புத்தி பேதலித்துவிட்டதென்று முடிவு கட்டி, அறைக்கு வெளியே தாழ் போட்டிருந்தார்கள். மந்திரிக்கிறவருக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

அம்மையாருக்கு உருது அவ்வளவாக வராது. அதனால் என்னை அழைத்துப் போனார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளேயிருந்து "ணீ... ணீ..." என்று ஒரு குரல்.

"பாஷா, என்ன சொல்றாங்க?"

"உருது இல்லீங்கம்மா. இன்னான்னே தெரியலை."

அம்மையார் அந்த வீட்டுப் பெண்களிடம், "இவங்க பொறந்த வீட்ல என்ன பாஷை பேசுவாங்க?" என்று கேட்டார். நாத்தனார் ஜஹீருன்னிசா, "மேல்விஷாரம். அங்கே தமிழ்தான்" என்றார். உடனே அம்மையார் நோயாளி பக்கம் திரும்பி, "தண்ணியா? தண்ணி வேணுமாம்மா?" என்றார்.

முனவ்வர் பேகம் இடது கையால் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். பதினெட்டு நாளாக அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வீட்டில் தமிழ் தெரியாதவர் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக உருதே பேசிய வாயிலிருந்து தமிழ் வருமென்று யார் எதிர்பார்த்தார்கள்? நானும் எதிர்பார்க்கவில்லையே.

தாழை எடுக்கச் சொன்னார் அம்மையார். நோயாளியின் அக்கா சுகரா பேகத்தை மேல்விஷாரத்திலிருந்து வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். மூன்று வாரத்தில் தமிழ் வந்தது. நாலாம் மாதம் உருது வந்தது. கணவரிடம் அந்தம்மா உருதுவில் முதலில் கேட்டது, சாப்பிட்டாயிற்றா என்பதுதான். ரஷீத் அஹமது சாயபு எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார் அம்மையார். மூளையில் எங்கே அடிபட்டால் எந்தப் பேச்சு போகிறது, எது முதலில் திரும்புகிறது, எத்தனை நாளில்? கேட்டார், எழுதினார். ஜட்கா வண்டியில் போனார். ஜட்கா போகாத இடத்துக்கு நடந்து போனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரே கோபித்துக்கொள்வார். அம்மையார் தவறும் செய்தார். ஆறு வாரத்துக்குள் ஒரு சொல்லும் வராவிட்டால் பிறகு வராது என்று அவர் நம்பினார். காசி என்று ஒருவர், தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தவர், பாரிசவாயுவில் விழுந்தார். ஆறு வாரமாயிற்று. அம்மையார் அவர் மனைவி முனியம்மாவைக் கூப்பிட்டு, "இனிமே பேச்சு வராதும்மா. மனசைத் தேத்திக்கோ" என்றார்.

முனியம்மா சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. "நீங்க சொல்லிட்டீங்க, சரிம்மா. ஆனா நான் பேசாம இருந்தா, அது யாரும் இல்லைன்னு நெனச்சிக்குமே. நான் பாட்டுக்குப் பேசிக்கினுதான் இருப்பேன்."

எட்டு மாதம் கழித்து இருவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார்கள். வாசலில் நின்று காசி, "டா...க்டரம்மா. வந்...தேன்" என்றார்.

அம்மையார் எழுந்து நின்றார். மருந்துக்குக் காத்திருந்த இருபது முப்பது பேர் முன்னால், "நான் சொன்னது தப்பு, முனியம்மா. நீ என்னென்ன செஞ்சே? ஒண்ணு விடாம சொல்லு" என்று கேட்டுப் பேனாவை எடுத்தார். சோறு ஊட்டும்போது சோறு என்று சொன்னதை, பேர் சொல்லி ஆட்களைக் காட்டியதை, பாதிச் சொல்லைத் தான் சொல்லி மீதிக்காகக் காத்திருந்ததை, எல்லாவற்றையும் முனியம்மா சொன்னார். ஒரு மணி நேரம் எழுதினார் அம்மையார். பெரிய படிப்புப் படித்தவர்கள் எத்தனை பேருக்கு அந்த மனது வரும்?

அதற்குப் பிறகு அவர் வைத்தியமே மாறிவிட்டது. நோயாளியைப் பார்த்த பிறகு வீட்டாரை உட்கார வைத்து, எப்படிப் பேச வேண்டுமென்று கற்றுக்கொடுத்தார். சென்னையில் டாக்டர்கள் கூடிய மகாநாட்டில் இதைப் படித்தபோது ஒருவர் எழுந்து, "கூலிக்காரியின் வாய்ப் பேச்சு வைத்தியமாகிவிடுமா?" என்று கேட்டார். அம்மையார் கோபிக்கவில்லை. "நாற்பத்தோரு பேரைப் பார்த்தேன். ஆறு வாரத்துக்குப் பிறகு பேச்சு வந்தவர்கள் பதினெட்டுப் பேர். வராதவர்களையும் எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் பாருங்கள்" என்றார். அடுத்த வருஷம் மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கடிதங்கள் வரத் தொடங்கின.

அம்மையார் பார்த்தவர்கள் மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். சிலர் கடைசிவரை பேசாமலே போனார்கள். அந்த வீடுகளுக்கும் அவர் போவதை நிறுத்தவில்லை. பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று யார் சொன்னது என்பார்.

இந்த வேலை அவரோடு நின்றுவிடுமா? நிற்காது. டாக்டர் சாமிநாதன் அவர்கள் நோயாளிகளைத் தாமே பார்ப்பதாக இன்று காலை ஒப்புக்கொண்டார். முனியம்மா வீடு வீடாக வந்து சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதுகிற வேலை என்னுடையது. உயிருள்ளவரை எழுதுவேன், தவறினால் தவறியதையும் எழுதுவேன்.

ஒடுகத்தூரில் கோவிந்தசாமி என்பவர் விழுந்து பன்னிரண்டு நாளாகிறது. ஒரு சொல்லும் வரவில்லை. நாளைக் காலை அங்கே போகிறோம். இந்தக் கூட்டத்திலும் யாராவது, பேச்சு நின்றுபோன தகப்பனையோ தாயையோ வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். வருஷமாகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நான் அந்தக் கிழக்கு வாசலில் நிற்பேன். பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் வருகிறோம்.