பழுதில்லாத நெஞ்சு

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், பத்துப் பேரில் எட்டுப் பேர் வயிற்றைத்தான் உப்பிக்கொண்டு நிற்பார்கள். எக்ஸ்ரே எடுப்பதில் பாதி வேலை அதைத் திருத்துவதுதான். கல்லை மாவாக அரைக்கிற ஆலையில் இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் படம் ஒன்றுகூட மங்கலாக வந்ததில்லை. அதிகாரியம்மா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குற்றத்தை மட்டும் எழுதினால் எப்படி?

ஆலைக்குள்ளேயே எனக்கு ஓர் அறை. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளியின் நெஞ்சையும் படமெடுத்து, அவருடைய எண்ணோடு கோப்பில் வைக்க வேண்டும். நெஞ்சில் தூசி படிந்திருந்தால் அவரை மாவுப் பக்கமே விடக் கூடாது, வேறு வேலை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாவு ஆலையில் வேறு வேலைக்கு எங்கே போவது? கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். நாலு பேரை அப்படி அனுப்பியதை நானே பார்த்தேன்.

ஐந்தாவதாக வந்தவர் என் தங்கை புருஷன். மூட்டை கட்டும் பிரிவு. சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மச்சான், எது இருந்தாலும் நல்லாருக்குன்னு போட்டுடு. ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுங்க."

படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் உப்பைத் தூவினாற்போல இருந்தது. அவரிடம் காட்டவில்லை. எது இருந்தாலும் என்று அவர்தான் சொல்லிவிட்டாரே. அவருடைய எண்ணைப் புதுப் படத்தட்டில் ஒட்டி, அதன் முன்னால் நானே நெஞ்சை நிமிர்த்தி நின்று, நீள ஒயரில் தொங்கிய பொத்தானை அமுக்கினேன். என் நெஞ்சு அப்போது துடைத்துவைத்த கண்ணாடி. அந்தப் படம் கோப்புக்குப் போனது. மாப்பிள்ளைக்கு வேலை நிலைத்தது, தங்கை வீட்டில் அடுப்பு எரிந்தது. இதில் யார் குடி கெட்டது?

அப்புறம் மற்றவர்களுக்கும் செய்தேன். அவர்கள் கேட்கவில்லைதான். வாய்விட்டுக் கேட்கிறவனுக்கு மட்டும் உதவுவது என்ன நியாயம்? மொத்தம் நாற்பத்தொரு பேர். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. முதலாளியும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆளை அனுப்புகிற தொல்லை விட்டதென்று அவர் நிம்மதியாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பா?

நிஜப் படங்களை வீணாக்கவில்லை. மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பெல்லாம் போய்த் தெளிவான தாள் கிடைக்கும். தங்கை பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அதில்தான் உறை போட்டுக் கொடுத்தேன். "மச்சான் கைவேலைன்னா தனிதான்" என்றார் மாப்பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டே.

ஏழு வருஷம் வேலை பார்த்தார். கடைசி நாலு மாதம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். பிறகு போய்ச் சேர்ந்தார். வேலையால் வந்த நோய் என்று நிரூபித்தால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்பதால் தங்கை மனுப் போட்டாள். ஆலை வக்கீல் நான் வைத்த படத்தை எடுத்து நீட்டினார். சாவதற்கு ஏழு மாதம் முன்னால் எடுத்தது, நெஞ்சு சுத்தம், சிகரெட் பிடித்துத் தானே கெடுத்துக்கொண்டார் என்றார். மாப்பிள்ளை சிகரெட்டைத் தொட்டதே இல்லை. சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

கோர்ட்டு வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எனக்காகப் பொய் சொல்ல வேணாம். நீ பாத்தது என்னவோ அதைச் சொல்லு, போதும்."

"பாத்தேம்மா. சுத்தமாத்தான் இருந்துச்சு."

உள்ளே போய் அதையே சொன்னேன். அதிலென்ன பொய்? வக்கீல் காட்டிய படம் சுத்தமாகத்தான் இருந்தது. மாற்றிச் சொல்லியிருந்தால் மற்றவர்கள் பிழைப்பில் அன்றைக்கே மண் விழுந்திருக்கும். மனு தள்ளுபடியானது. அதற்குப் பிறகு இன்னும் பத்துப் பெண்களின் மனுக்கள் அப்படியே போயின. பத்துக்கும் நான்தான் சாட்சி. தங்கை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்த ஏழு வருஷம் அவள் வீட்டில் சோறு பொங்கியது யாரால் என்று ஒருநாள் யோசிப்பாள்.

யாரோ ஒரு டாக்டர் பதினொரு படங்களையும் வரிசையாக மாட்டிப் பார்த்தாராம். பதினொரு பேருக்கும் இடப்பக்கம் ஆறாவது விலா எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறதாம். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தவன் நான். வருஷக்கணக்காக நுரையீரலையே பார்த்துப் பழகிய கண், எலும்பைப் பார்க்கவில்லை. வேலையில் நான் செய்த தவறு அது ஒன்றுதான். ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர்கள் தூசியை விட்டாவது போயிருப்பார்களே என்கிறீர்கள். எங்கே போவார்கள் அம்மா? பிள்ளைகுட்டிக்காரன் நாலு புள்ளிக்குப் பயந்து வேலையை விடுவானா? அவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

நான் ஏன் ஆலையை விட்டு வந்தேன் என்றும் கேட்டீர்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. போன வருஷம் மூட்டைப் பிரிவு ஆள் ஒருவருக்காக நின்று எடுத்த படத்தில், வலப்பக்கம் மேலே நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. நெஞ்சு என்னுடையது. அவர் கோப்பில் முந்தின வருஷத்துப் படத்தையே திரும்ப வைத்துவிட்டு, அன்று மத்தியானமே நகரத்து ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், இந்தத் தூசியில் இனி ஒரு நாள் இருந்தாலும் என் உயிருக்கு ஆபத்து என்று எழுதினேன்.