செவ்வாய்க்கிழமை அழுகை

செம்பூரிலிருந்து தாராவி போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் போலிருந்த இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டதும் செல்போனை மடியில் கவிழ்த்துவிட்டேன்.

“எம் மவ செவ்வாக்கெழம மட்டுந்தான் அழுவா மைனி.”

“அதென்னட்டி, கெழம பாத்து அழுகது?”

“அன்னைக்குத்தான் ஸ்கூலுக்கு சோஷியல் வொர்க்கர் மேடம் வருவாவ. பிள்ளைகள ஒவ்வொண்ணா கூப்பிட்டு, கதவச் சாத்திட்டுப் பேசுவாவ. இவ அங்க அழுதுட்டு வந்துருவா. அவ அப்பா தவறுனதுல இருந்து வீட்டுல ஒரு சொட்டு கண்ணீர் கெடையாது.”

“அங்க அழுகது ஒனக்கு மொதல்லயே தெரியுமா?”

“தெரிஞ்சா வாயத் தொறந்துருப்பனா? வீட்டுல பிள்ள எப்படி இருக்கான்னு கிளாஸ் டீச்சர் கேட்டாவ. அழுகதே இல்ல, நல்லாயிட்டான்னு பெருமையாச் சொன்னேன். மேடத்துக்கிட்ட அவ போற நேரத்த வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாவ. அப்புறந்தான் இவ, ‘ஏம்மா அப்படிச் சொன்ன, நான் அங்கதான அழுவேன்’னு கேக்கா.”

“திரும்பப் போயி சொல்ல வேண்டியதுதான?”

“போனேன். மேடத்த வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாவளாம். வேற ஆளு இல்லயாம்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“இனி ஒங்கிட்டயே அழச் சொல்லு.”

“சொன்னேன் மைனி. ‘நீ அழ மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் அழுவேன்’னா. அதக் கேட்டதுமே நான் அழுதுட்டேன்.”