மருதப்பன் பெயரில் ஏழு ரிப்போர்ட்டுகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்து மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் முதலில் கவனித்தது ஒரு பஞ்சு. ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு லேபைப் பெருக்கப் போனேன். முந்தின நாள் இரவே குப்பைக்கூடையைக் கொட்டிக் கழுவி வைத்திருந்தேன். ரத்தம் கொடுக்க இன்னும் ஒருவரும் வரவில்லை. ஆனால் கூடைக்குள் ரத்தம் பட்ட பஞ்சு ஒன்று கிடந்தது. அடுத்த மாதமும் முதல் திங்கட்கிழமை அதேபோல் ஒன்று கிடந்தது.

என் பெயர் ரிஸானா. ராஜதுரை அண்ணாச்சியின் லேபில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பெருக்குவது, பெயர் கூப்பிடுவது, ரிப்போர்ட்டை உறையில் போடுவது, இவைதான் என் வேலை. மைக்கில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறேன்.

ராஜதுரை அண்ணாச்சி இருபத்தாறு வருடம் இந்த ஊருக்கு ரத்தம் பார்த்தார். இங்கே இருக்கிறவர்களில் அவரிடம் கை நீட்டாதவர் யார்? சுகர் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து பாகற்காயும் கஞ்சியுமாக இருந்துவிட்டு, நல்ல நம்பர் வாங்கிக்கொண்டு, போகிற வழியிலேயே அல்வாக் கடையில் நிற்காதவர் எத்தனை பேர்? அது அவருக்குத் தெரியும். அதனால் ஊசி போடும்போதே, நாலு நாளைக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். கடையநல்லூரிலிருந்து வரும் மைமூனம்மாள் ஒருமுறை, "ரத்தம்தான கேட்டிய அண்ணாச்சி, இப்ப என்ன போலீஸ் விசாரணை?" என்று மடக்கினார். "போலீஸ்ட்டயாவது பொய் சொல்லலாம் ஆச்சி, இதுட்ட முடியாதுல்லா" என்று ரத்தம் இருந்த குழாயை ஆட்டிக் காட்டினார் அண்ணாச்சி. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

காத்திருப்பவர்களுக்குச் சீனியின் கதையும் சொல்லுவார். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் கருப்பட்டிக் காப்பிதானாம். ரேஷனில் வாங்கிய சீனி மேல்தட்டு டப்பாவில் இருக்குமாம். விருந்தாள் வந்தால்தான் டப்பா இறங்கும். சீனி போட்டுக் கொடுத்தால் மரியாதை. அதற்கும் முந்தின காலத்தில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய நம் சனங்களைக் கப்பலேற்றி மொரீஷியஸுக்கும் பிஜிக்கும் கொண்டுபோனார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பார். இன்று சீனி மலிந்துவிட்டது. ஆனால் மரியாதை மட்டும் அதைவிட்டு இறங்கவில்லை. ஒரு வீட்டில் போய், காப்பியில் சீனி வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு, எத்தனை வருடமாக என்று கேட்பார்கள்.

இனி அந்தப் பஞ்சுக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் பஞ்சு கிடக்கிற அன்று, மருதப்பன், வயது 54 என்று ஒரு ரிப்போர்ட் வரும். நான் உறையில் போட்டு வைப்பேன். அதை வாங்க யாரும் வரமாட்டார்கள். நான்காவது மாதம் சீக்கிரமே போய்விட்டேன். கண்ணாடிக் கதவுக்குள் அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நான் வெளியிலேயே நின்றேன். அவர் கூடையில் பஞ்சைப் போட்ட பிறகுதான் உள்ளே போனேன். எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கூச்சம். அதற்குப் பிறகும் மூன்று ரிப்போர்ட்டுகளை உறையில் போட்டேன்.

ஊருக்கே சொன்னவர் தனக்கும் சுகர் என்று தன் வீட்டில் ஏன் சொல்லவில்லை? மாத்திரை வாங்கக்கூட எங்கே போவார்? இந்த ஊரில் எந்த மருந்துக்கடைக்காரர் அவருக்குத் தெரியாதவர்? வீட்டில் மகள் ப்ரியதர்ஷினி அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் கேட்பதுபோல் இப்போது சுகரும் கேட்கிறார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று டீ கொடுக்க நானும் போயிருந்தேன். சிவகிரியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா அய்யாத்துரை அண்ணாச்சி, "தப்பா நெனைக்காதிய, வீட்டுல யாருக்கும் சுகர் கிகர் இல்லல்லா?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். "ஊருக்கே ரத்தம் பாக்குதவன், எனக்குத் தெரியாதா?" என்றார் ராஜதுரை அண்ணாச்சி. சொல்லிக்கொண்டே மூன்றாவது லட்டை எடுத்தார். எல்லோருக்கும் திருப்தி.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, உடம்பெல்லாம் வியர்க்கிறது, வாயுவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் திறக்க இறங்கினார். படியிலேயே உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. நீண்ட நாள் சுகர் இருந்தால் சிலருக்கு அந்த வலி தெரியாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள், அண்ணாச்சி நோய்நொடி அறியாத மனிதர் என்றார்கள். அன்பினால் சொன்னார்கள். ஆனால் அது உண்மையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழு உறைகளையும் அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ப்ரியதர்ஷினி அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் தாளில் சுகர் 260. கடைசித் தாளில் 342. அண்ணாச்சியின் மனைவி கோமதியம்மாள் தாள்களை வாங்கி உறைகளில் திரும்பப் போட்டார். பிறகு, "அந்த லட்டுத் தட்ட நீட்டுனது நான்தாம்ட்டி. ரெண்டு போதும்னாரு. சம்பந்தி முன்னால அப்படிச் சொல்லாதியன்னு காதுல நான்தான் சொன்னேன்" என்றார்.

அவரை யாரும் குறை சொல்ல முடியாது. தெரிந்த நான் பேசவில்லை. தெரியாத அவர் தட்டை நீட்டினார்.

கல்யாணம் முடியும்வரை இதை வெளியே விட வேண்டாம் என்றுதான் கோமதியம்மாள் முதலில் சொன்னார். ப்ரியதர்ஷினி அக்கா கேட்கவில்லை. அங்கேயே சிவகிரிக்குப் போன் போட்டு, ஏழு நம்பரையும் வாசித்தார். பேசிட்டுச் சொல்லுதோம் என்று வைத்துவிட்டார்கள். இன்றுவரை பதில் இல்லை. அய்யாத்துரை அண்ணாச்சி இந்தக் கூட்டத்துக்கு வந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறார். வந்ததற்கு நன்றி. அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று நேற்று கோமதியம்மாளிடம் கேட்டேன். "சொல்லு. எங்கிட்டதான் சொல்ல ஆளில்லாமப் போச்சு" என்றார். அதனால்தான் நிற்கிறேன்.

ராஜதுரை அண்ணாச்சியின் லேப் மூடப்படாது. பொன்மணி அக்கா டெக்னீஷியனாகச் சேர்ந்துவிட்டார். காலை ஆறரைக்குத் திறந்திருக்கும். ஊசி போடும்போது அண்ணாச்சி கேட்ட கேள்வியை இனி நான் கேட்பேன். சத்தமாகக் கேட்க எனக்கு வராது. பக்கத்தில் வந்து கேட்பேன். நம்பரை மறைத்து வைக்கச் சொன்னால், வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா என்று கேட்பேன். திட்டினாலும் கேட்பேன்.

இன்று காலை முதல் ஆளாக ப்ரியதர்ஷினி அக்கா வெறும் வயிற்றோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சுடிதார் கையை மேலே மடக்கினார். "ஏ ரிஸானா, எனக்கும் இருந்துச்சுன்னா இந்தக் கல்யாணம் நடக்குமா?" என்று கேட்டார்.

தெரியாது அக்கா என்றேன். பொன்மணி அக்கா ஊசியைப் பிரிக்க, ரப்பர் பட்டையை எடுத்து அவர் கையில் கட்டினேன்.