சண்டை போடாத ஜோடி

இராஜகுமாரி: ...அப்படி வாசல மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க. நாலு பேரு சாப்பிட வாற எடம்.

உதயராஜ்: நானும் சாப்பிடத்தான் வந்தேன்.

இராஜகுமாரி: நாவுலயில பஸ் ஏறி, மாத்தளையில எறங்கி, என் கடை வடை சாப்பிடவா?

உதயராஜ்: நல்லா இருக்குன்னு சொன்னாங்க.

இராஜகுமாரி: சொல்லியிருப்பாங்க. உக்காருங்க. அந்தப் பெஞ்சு ஆடும், செவுத்துப் பக்கம் உக்காருங்க. பிளேன்டீக்குச் சீனி கொறைச்சுத்தானே?

உதயராஜ்: இப்ப சீனியே இல்ல. டாக்டர் நிப்பாட்டச் சொல்லிட்டாரு.

இராஜகுமாரி: அதுவும் வந்துருச்சா.

உதயராஜ்: வந்துருச்சு... குமாரி, ஒரு விஷயமா வந்தேன்.

இராஜகுமாரி: அதானே. இத்தன வருஷமா எட்டிப் பாக்காத மனுஷன் வடைக்கா வருவாரு. என்ன, வேற பொண்ணு பாத்துட்டாங்களா உங்க அக்கா? என் கையெழுத்து வேணும்னா குடுங்க, இப்பவே வைக்கிறேன். நான் உங்கள மாதிரி இல்ல.

உதயராஜ்: அது இல்ல. வெளிநாட்டு வெவகாரம்.

இராஜகுமாரி: போறீங்களா? நல்லபடியாப் போயிட்டு வாங்க. முத்துமாரியம்மனுக்கு ஒரு தேங்கா ஒடைச்சிர்றேன்.

உதயராஜ்: நான் மட்டும் இல்ல... நாம.

இராஜகுமாரி: எந்த நாம?

உதயராஜ்: நீயும் நானும்.

இராஜகுமாரி: ...வடை கருகுது, இருங்க.

மஸீனா: குமாரி, எனக்கும் ஒரு பிளேன்டீ ஊத்து. கடையில ஒரு மனுசனும் இல்ல, காலையில இருந்து உடுப்ப மடிச்சு மடிச்சு வைக்கிறேன்... இவர் யாரு?

இராஜகுமாரி: இவரா. கவர்மெண்ட் கணக்குல என் புருஷன், அக்கா.

மஸீனா: உன்ட கணக்குல?

இராஜகுமாரி: என் கணக்குல ஒரு பிளேன்டீ, ரெண்டு வடை.

மஸீனா: ஓ, அந்த நாவுல ஊரு லொறிக்காரரா. நான் இவ பக்கத்துல கடை போட்டு எத்தன காலம், இன்னைக்குத்தான் உங்கட மூஞ்சியப் பாக்கிறேன் தம்பி. நீங்க ரெண்டு பேரும் கோட்டுக்குப் போய்த் தீத்துக்கிட்டீங்கன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு ஈக்கிறேன்.

இராஜகுமாரி: தேயிலத் தோட்டத்துல கோட்டு ஏது அக்கா. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் கோயில்ல உக்காந்தாங்க. இனி அவங்கவங்க வழியப் பாத்துக்கட்டும்னு பேசி முடிச்சாங்க. ஐயர் விபூதி குடுத்தாரு, பூசிக்கிட்டு ஆளுக்கொரு பக்கமா நடந்துட்டோம். ரெஜிஸ்டர்ல எழுதினத வெட்டணும்னு ஒருத்தருக்கும் தோணல.

உதயராஜ்: அது இப்ப நல்லதாப் போச்சு.

இராஜகுமாரி: கேட்டீங்களா அக்கா. நல்லதாப் போச்சாம்.

மஸீனா: எதுக்கு நல்லது?

உதயராஜ்: விசாவுக்கு. கண்டியில ஒரு ஏஜென்சியில இருந்து கூப்பிட்டுப் பேசினாங்க. கட்டார்ல ஒரு பெரிய வீடாம், வயசான மேடம் ஒருத்தங்க. வண்டி ஓட்ட ஒரு ஆம்பள, சமைக்க ஒரு பொம்பள. ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இருக்கணும். ஜோடி விசா. வீட்டுக்குப் பின்னால ரூம் குடுக்கிறாங்க.

இராஜகுமாரி: ஒரு ரூமா?

உதயராஜ்: ...ஒரு ரூம்னுதான் சொன்னாங்க.

மஸீனா: ஜோடிக்கு ரெண்டு ரூம் எந்த ஊர்ல குடுக்கிறாங்க.

இராஜகுமாரி: நீங்க டீயக் குடிங்க அக்கா, ஆறுது. ஏன், ஒலகத்துல வேற விசாவே இல்லையா? யட்டவத்தப் பக்கத்துப் பொண்ணு விதுஷா புருஷனோட லண்டன் போனாளே. எவ்வளவு அழகா போட்டோ அனுப்புறா.

உதயராஜ்: அது படிக்கிற விசா. அவ படிக்கப் போனா, அவன் கூடப் போனான். இப்ப அப்படிக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு லேசுல விடுறதில்லையாம். விட்டாலும் நமக்கு ஆகுமா? நான் எட்டாம் வகுப்பு.

இராஜகுமாரி: நான் ஓ லெவல் வரைக்கும் போனவ. நான் படிக்கிறேன், நீங்க கூட வந்து சோறாக்குங்க.

உதயராஜ்: வெளையாடாத குமாரி. வயசானவங்களப் பாத்துக்கிற விசான்னு ஒன்னு இருந்துச்சு, அதுலயும் இப்ப போறவங்க தனியாத்தான் போகணுமாம். எல்லா எடத்துலயும் புருஷன ஒரு பக்கம், பொண்டாட்டிய ஒரு பக்கம் பிரிச்சுத்தான் விசா குடுக்கிறான். இந்த ஒரு வீட்டுலதான் சேந்து வாங்கன்னு சொல்றாங்க.

இராஜகுமாரி: அத நம்மளையா பாத்துச் சொல்லணும்.

மஸீனா: பாவம், அந்த மேடத்துக்கு என்ன தெரியும்.

உதயராஜ்: மேடம் வீடியோ கோல்ல பேசுவாங்களாம். முன்ன இருந்த ஜோடி எந்த நேரமும் சண்டையாம், அந்தம்மாவுக்குக் குர்ஆன் ஓதக்கூட நிம்மதி இல்லாமப் போச்சாம். அதனால சண்டை போடுற ஜோடி வேணாம்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. கடைசியா எப்ப சண்டை பிடிச்சீங்கன்னு கேப்பாங்களாம்.

இராஜகுமாரி: சொல்லுங்க, தைரியமாச் சொல்லுங்க. வருஷக்கணக்கா ஒரு சண்டை கெடையாது, ஒரு எதிர்ப்பேச்சு கெடையாதுன்னு. இதுல பொய் ஒன்னும் இல்லையே.

மஸீனா: இந்த மாத்தளை டவுன்லயே இவ்வளவு ஒத்துமையான ஜோடி ஈக்காது.

உதயராஜ்: ரெண்டு பேரும் சேந்து நிக்கிற போட்டோ ஒன்னும் வேணும். புதுசா எடுத்தது.

மஸீனா: அதுக்கு என்ட கடைக்கு வாங்க. ஒரே கலர்ல சாரியும் சேட்டும் ஈக்கி. கல்யாணமாகி ஒரு வாரம்னு சொன்னா நம்புவாங்க.

இராஜகுமாரி: உங்களுக்கு யாவாரம் ஆகணும்னா நான் இவரோட ஒரே கலர்ல நிக்கணுமா அக்கா. அந்த மேடம் வேற என்ன கேப்பாங்க?

உதயராஜ்: உன் புருஷன் எப்படிப்பட்ட ஆளுன்னு கேப்பாங்க. குடிக்க மாட்டாரு, பொறுமையான மனுஷன், இது ரெண்டும் சொன்னாப் போதும்னாங்க ஏஜென்சியில.

இராஜகுமாரி: குடிக்க மாட்டீங்க. அத நான் எங்க வேணும்னாலும் சொல்வேன். பொறுமைதான் எப்படிச் சொல்றது... அக்கா, உங்களுக்கு நான் இது சொன்னதில்ல. நான் குவைத்துக்குப் போக எல்லாம் முடிச்சு வச்சிருந்தவ. பாஸ்போட் இருந்துச்சு, மெடிக்கல் பாஸ். கிராம சேவகர் முன்னால புருஷன் சம்மதம்னு ஒரு கையெழுத்து வைக்கணும், அது ஒன்னுதான் பாக்கி.

மஸீனா: வைக்க மாட்டேன்னுட்டாரா?

இராஜகுமாரி: அப்படிச் சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். நல்லா தலை சீவி, வெள்ளச் சேட்டுப் போட்டுக்கிட்டு என்கூடவே வந்தாரு. கதிரையில உக்காந்தாரு. பேனாவ வாங்கினாரு. பேனா எழுதலன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு.

மஸீனா: அல்லாவே. வேற பேனா இல்லையா அங்க?

இராஜகுமாரி: அந்தக் கிராம சேவகர் மாத்தயா தன் பையில இருந்து ரெண்டு எடுத்து நீட்டினாரு அக்கா. இவர் அதுக்குள்ள ரோட்டுக்குப் போயிட்டாரு. அடுத்த நாள் நான் வீட்ட விட்டு எறங்கினேன்.

உதயராஜ்: அதெல்லாம் இப்ப எதுக்கு...

மஸீனா: தம்பி, நான் ஒன்னு கேக்கவா. கண்டியில எந்த ஏஜென்சி, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட மாடியில ஈக்கிறதா?

உதயராஜ்: ஆமா, அதுதான்.

மஸீனா: எங்கட நானாட மகன், என்ட மருமகன் இத்ரூஸ் அதுலதானே போனான். கட்டாருக்குத்தான், டிரைவர் விசாவுல. தனி ஆளாப் போனான். இன்னும் டிரைவர்மார் கேக்கிறாங்க, இங்கிலீசு கூடத் தேவையில்லன்னு நேத்தும் போன்ல சொன்னான். உங்களுக்குச் சொல்லலையா?

உதயராஜ்: ...எனக்கு அப்படி ஒன்னும் சொல்லல.

மஸீனா: லைசன்ஸ் ஈக்கிற மனுசனுக்குச் சொல்லாம எப்படி...

இராஜகுமாரி: அக்கா, உங்க கடைக்கு ஆள் வந்திருக்கு.

மஸீனா: எங்க, ஒருத்தரும் இல்லையே.

இராஜகுமாரி: வருவாங்க. போய் நில்லுங்க.

மஸீனா: ...சரி சரி. ஜோடி தனியாப் பேசணுமாக்கும். போறேன்.

இராஜகுமாரி: சொன்னாங்களா, இல்லையா?

உதயராஜ்: வடை நல்லாத்தான் இருக்கு.

இராஜகுமாரி: சொன்னாங்களா?

உதயராஜ்: ...சொன்னாங்க.

இராஜகுமாரி: எப்ப?

உதயராஜ்: மொதல் நாளே. சம்சாரம் வர மாட்டாங்கன்னா பரவாயில்ல, கம்பெனி வண்டி ஓட்ட தனி விசா இருக்கு, அது சட்டுன்னு கெடச்சிரும்னு சொன்னாங்க.

இராஜகுமாரி: அத மறைச்சுட்டு, ஜோடியா இல்லன்னா எனக்கு வழியே இல்லங்கிற மாதிரி வந்து உக்காந்திருக்கீங்க.

உதயராஜ்: சொன்னா, தனியாவே போங்கன்னு சொல்லிருவ.

இராஜகுமாரி: சொல்லித்தான் இருப்பேன்.

உதயராஜ்: அதான். அன்னைக்கும்... பேனாவுல ஒரு கோளாறும் இல்ல குமாரி.

இராஜகுமாரி: அது எனக்குத் தெரியாதா.

உதயராஜ்: போனா நீ திரும்பி வர மாட்டன்னு ஒரு பயம். அத ஒங்கிட்ட சொல்லவும் வெக்கம். போக விடாமப் பிடிச்சு வச்சேன், என்ன ஆச்சு? நீ மாத்தளைக்கு வந்துட்ட. குவைத்துக்குப் போயிருந்தாலாவது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல வீட்டுக்கு வந்திருப்ப.

இராஜகுமாரி: ...ஆமா. மாத்தளையில லீவு குடுக்கிறதில்ல.

உதயராஜ்: நாளைக்கு ஏஜென்சிக்குப் பதில் சொல்லணும். உனக்கு இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிரு, நான் கோவிக்க மாட்டேன்.

இராஜகுமாரி: அப்ப நீங்க அந்தத் தனி விசாவுல போயிருவீங்க.

உதயராஜ்: போக மாட்டேன். நாவுலயில லொறி இருக்கு, எனக்கு அது போதும்.

இராஜகுமாரி: பிறகு எதுக்குக் கட்டார் கட்டார்னு இவ்வளவு நேரம்?

உதயராஜ்: கட்டாருக்குப் போகவா நான் இங்க வந்தேன்... வர முடியாதுன்னா சொல்லு குமாரி. நான் அடுத்த பஸ்ஸப் புடிக்கணும்.

இராஜகுமாரி: உக்காருங்க. பொய் சொல்றதுல நீங்க மட்டும்தான் கெட்டிக்காரர்னு நெனக்காதீங்க. அந்த மேடம் வீட்டுச் சமையலுக்கு ஏஜென்சியில மொதல்ல எடுத்தது என்னைத்தான், தனி விசாவுல. டிரைவர வேற எடத்துல தேடிக்கிறோம்னாங்க. வண்டி ஓட்டுற புருஷன் ஒருத்தர் எனக்கு இருக்காரு, அவரும் வந்தாத்தான் நான் வருவேன்னு சொல்லி உங்க நம்பர எழுதிக் குடுத்தது நான்தான்... அவங்க உங்களுக்குப் பேசி ஒரு மாசம் ஆகுதாமே, நாவுலயில இருந்து மாத்தளைக்கு வந்து சேர ஒரு மனுஷனுக்கு இவ்வளவு நாளா எடுக்கும்?